வொர்க்கர் எழுதுவது எப்படி: பீன்ஸ்டாக்டியை வைத்து, முதல் வேலையிலிருந்து மின்வெட்டு வரை

வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜில் ஒரு குடும்பம் ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொல்கத்தாவிலிருந்து வந்தவர்கள். காலையில் ரத்தம் கொடுத்தாயிற்று, சாயங்காலம் போனுக்கு எஸ்எம்எஸ் வரும், அதிலுள்ள லிங்கைத் தட்டினால் பிடிஎஃப் அறிக்கை திறக்கும். லேபில் டாக்டர் 'ஒப்புதல்' பட்டனை அழுத்தியதும் வெப் சர்வரே பிடிஎஃப் தயாரித்து, எஸ்எம்எஸ் கேட்வேயைக் கூப்பிட்டு, அதன் பதிலுக்கும் காத்திருந்தால் டாக்டரின் திரை பத்து வினாடி சுற்றிக்கொண்டே நிற்கும். பொறுமையிழந்து அவர் இன்னொரு முறை அழுத்துவார். ஒரே முடிவு இரண்டு முறை போகும்.

அதனால் வெப் சர்வர் 'இந்த அறிக்கையை அனுப்பு' என்று ஒரு வரியை வரிசையில் போட்டுவிட்டு உடனே திரும்பிவிட வேண்டும். வரிசையிலிருந்து எடுத்துச் செய்ய வேறு ஒரு ப்ராசஸ் இருக்கும். அதுதான் வொர்க்கர். அது அதே மெஷினில் ஓடலாம், காட்பாடி கிளையில் ஓடலாம், பத்து இடங்களிலும் ஓடலாம்.

வொர்க்கரின் லூப்பை எழுத அரை மணி நேரம் போதும். மிச்ச நேரமெல்லாம் ஒரே கேள்விக்குப் போகும்: வேலை பாதியில் இருக்கும்போது இந்த ப்ராசஸ் செத்தால் என்ன ஆகும்? கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கேள்வியின் ஒரு துண்டுதான்.

செய்து பார்க்க பீன்ஸ்டாக்டியை எடுத்துக்கொள்வோம். வேலை வரிசையை வைத்திருக்கும் சின்ன சர்வர், உபுண்டு, டெபியன் இரண்டிலும் ஏப்டி மூலமே கிடைக்கும், அதன் கட்டளைகளை டெல்நெட்டில் கையாலேயே டைப் செய்யலாம். புதிதாகக் கற்பவர்களுக்கு இந்தக் கடைசி வசதி பெரிய வரம். இங்கே கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். டைப் செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

கோடு எழுதுமுன் கையால் ஒரு முறை

டெல்நெட்டில் 127.0.0.1 முகவரியின் 11300 போர்ட்டுக்கு இணையுங்கள். வேலையைப் போடும் கட்டளை 'புட்'. அதற்குப் பின்னால் நான்கு எண்கள், இந்த வரிசையில்: முன்னுரிமை, தாமதம், கெடு (எடுத்தவர் முடிக்க வேண்டிய நேரம், வினாடியில்), பைட் அளவு. 'புட் 1000 0 60 5' என்று அடித்து என்டர், அடுத்த வரியில் 12345 என்று அடித்து என்டர். 'இன்செர்ட்டட் 1' என்று பதில் வரும். 1 என்பது வேலையின் எண். முன்னுரிமையில் சிறிய எண்தான் முந்தும். 0 மிக அவசரம். பலர் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது 'ரிசர்வ்' என்று அடியுங்கள். வேலை உங்கள் கைக்கு வரும். அதை முடித்ததாகச் சொல்லாமல் அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு ஜன்னலில் டெல்நெட் திறந்து அங்கேயும் 'ரிசர்வ்' போடுங்கள். அது பதிலில்லாமல் நிற்கும். 60 வினாடி கெடு முடிந்ததும் அதே வேலை இரண்டாம் ஜன்னலில் வந்து விழும். மறுபடி செய்யுங்கள், இந்த முறை கெடு முடியும்வரை காத்திராமல், வேலையை வைத்திருக்கும் ஜன்னலை மூடிவிடுங்கள். வேலை அந்தக் கணமே மற்ற ஜன்னலுக்குத் தாவும். இணைப்பு அறுந்தால் வேலை உடனே வரிசைக்குத் திரும்பும், கெடு கடந்தாலும் திரும்பும், 'டெலீட் 1' என்று சொன்னால் மட்டுமே வரிசையை விட்டுப் போகும். இதைக் கண்ணால் பார்த்தவர்கள் பிறகு 'டெலீட்'டைத் தப்பான இடத்தில் எழுதுவதில்லை.

பைட் அளவில் தமிழர்கள் தனியாக இடறும் இடம் ஒன்று உண்டு. 'வேலூர்' என்ற சொல்லை அனுப்புகிறீர்கள். கண்ணுக்கு 3 எழுத்து. பைத்தானின் நீளக் கணக்குக்கு 6. யூடிஎஃப்-8 முறையில் 18 பைட், ஏனென்றால் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட். 6 என்று எழுதி அனுப்பினால் சர்வர் ஆறாவது பைட்டோடு நிறுத்திக்கொண்டு, அங்கே வரி முடியவில்லையே என்று 'எக்ஸ்பெக்டட் சிஆர்எல்எஃப்' பிழை தரும். பைத்தானில் 'கிரீன்ஸ்டாக்' போன்ற லைப்ரரி இந்தக் கணக்கைத் தானே போட்டுவிடும். சொந்தமாக எழுதினால் முதலில் பைட்டாக மாற்றி, பிறகு எண்ணுங்கள்.

வேலைக்குள் என்ன வைக்கலாம்

அறிக்கை எண், வேலையின் வகை, ஒரு பதிப்பு எண். இவ்வளவு போதும். நோயாளி பெயர், போன் நம்பர், முடிவுகள், பிடிஎஃப் கோப்பு எதுவும் வேண்டாம். காரணம் மூன்று.

வேலை வரிசையில் நிற்கும்போதே ரிசப்ஷனில் தப்பான போன் நம்பரைத் திருத்தியிருப்பார்கள். அறிக்கை எண் மட்டும் வைத்திருந்தால் வொர்க்கர் டேட்டாபேஸிலிருந்து திருத்திய நம்பரை எடுக்கும். இரண்டாவது, பீன்ஸ்டாக்டியில் ஒரு வேலையின் அளவு வரம்பு இயல்பாக 65535 பைட். மூன்றாவதுதான் முக்கியம்: பீன்ஸ்டாக்டிக்குப் பாஸ்வேர்டே கிடையாது. போர்ட்டை எட்ட முடிந்த யாரும் 'பீக்' போட்டு உள்ளே இருப்பதைப் படிக்கலாம். 11300 போர்ட்டை இணையத்துக்கு ஒருபோதும் திறக்காதீர்கள். கிளைகளுக்கு நடுவே விபிஎன் வழியாக மட்டும் விடுங்கள்.

பதிப்பு எண் எதற்கு? நாளைக்கு வேலையின் வடிவத்தை மாற்றுவீர்கள். புதிய வொர்க்கர் கோடு ஏறும்போது பழைய வடிவ வேலைகள் வரிசையில் மீதமிருக்கும். எது பழசு, எது புதுசு என்று தெரியாவிட்டால் அத்தனையும் பிழையில் முடியும்.

வேலையைப் போடும் இடத்திலும் ஒரு பொறி. டேட்டாபேஸ் ட்ரான்ஸாக்‌ஷன் கமிட் ஆவதற்கு முன்னால் 'புட்' போட்டால், வொர்க்கர் அதைவிட வேகமாக ஓடிவந்து அறிக்கையைத் தேடும், அங்கே ஒன்றும் இருக்காது. சோதிக்கும்போது வராது, கூட்டம் வரும் நாளில் வரும். கமிட்டுக்குப் பிறகே போடுங்கள். கமிட்டுக்கும் புட்டுக்கும் நடுவில் வெப் சர்வர் செத்தால் அந்த வேலை வரிசைக்கே வராமல் போகுமே? போகும். அதற்கு 5 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று: ஒப்புதல் ஆகி 10 நிமிடம் கடந்தும் அனுப்பப்படாத அறிக்கைகளைத் தேடி மறுபடி வரிசையில் போடும். வேலை இரண்டு முறை வந்தாலும் கெடுதல் இல்லாதபடி வொர்க்கரை எழுதியிருந்தால்தான் இந்த ஸ்கிரிப்டை நிம்மதியாக ஓடவிட முடியும். அதற்குக் கீழே வருகிறோம்.

லூப்

வகைக்கு ஒரு ட்யூப், அதாவது பெயரிட்ட தனி வரிசை, வையுங்கள்: பிடிஎஃப் ஒன்று, எஸ்எம்எஸ் ஒன்று. பிடிஎஃப் முடிந்ததும் அந்த வொர்க்கரே எஸ்எம்எஸ் ட்யூபில் அடுத்த வேலையைப் போடட்டும். ஒரே ட்யூபில் கலந்தால் மெதுவான வேலைக்குப் பின்னால் வேகமான வேலை மாட்டிக்கொள்ளும்.

வொர்க்கர் தொடங்கும்போது தன் ட்யூபை 'வாட்ச்' செய்து, 'டிஃபால்ட்' என்ற ட்யூபை 'இக்னோர்' செய்ய வேண்டும். புதிய இணைப்பு எதுவும் டிஃபால்ட்டைப் பார்த்துக்கொண்டுதான் பிறக்கிறது. இதை மறந்தால் வேறு யாரோ டிஃபால்ட்டில் போட்ட வேலை எஸ்எம்எஸ் வொர்க்கர் கையில் சிக்கும். பிறகு லூப்:

1. 5 வினாடி வரம்போடு வேலை கேள் ('ரிசர்வ்-வித்-டைம்அவுட் 5').
2. வேலை வரவில்லையா? நிறுத்தச் சொல்லியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு 1-க்குப் போ.
3. வேலை வந்ததா? உள்ளடக்கத்தைப் பிரித்து, சரிபார்த்து, செய்.
4. முழுதாக முடிந்த பிறகு 'டெலீட்'.
5. முடியவில்லையானால் 'ரிலீஸ்' (வரிசைக்கே திருப்பு) அல்லது 'பரி' (ஓரமாகப் புதைத்துவை).

எடுத்தவுடன் டெலீட் செய்துவிட்டு நிதானமாக வேலை பார்க்கும் வொர்க்கர்கள் ஊரில் ஏராளம். அவை சாகாதவரை ஒழுங்காகத்தான் ஓடும்.

கெடு

'புட்'டில் மூன்றாவதாக வந்த 60 என்ற எண்தான் கெடு. இதைத் தோராயமாக வைக்கக் கூடாது. வேலைக்கு வழக்கமாக ஆகும் நேரத்தை விடுங்கள், மோசமான நாளில் ஆகும் நேரத்தை அளந்து, அதைப்போல இரண்டு மூன்று மடங்கு வையுங்கள். பிடிஎஃப் வழக்கமாக 2 வினாடி, எப்போதாவது 20 வினாடி என்றால் 60 சரி.

கெடு குறைவானால் என்ன ஆகும் என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள். முதல் வொர்க்கர் இன்னும் வேலையில் இருக்கும்போதே வேலை வரிசைக்குத் திரும்பும். இரண்டாவது வொர்க்கர் அதே வேலையைத் தொடங்கும். மெஷின் இன்னும் மெதுவாகும். அதனால் இன்னும் பல வேலைகள் கெடு தாண்டும். முதல் வொர்க்கர் ஒருவழியாக முடித்து 'டெலீட்' சொன்னால், வேலை இப்போது வேறொருவர் கையில் இருப்பதால் 'நாட் ஃபவுண்ட்' என்று பதில் வரும். லாகில் இந்தப் பதிலைப் பார்த்தால் பெரும்பாலும் கெடுதான் குற்றவாளி. ரொம்ப அதிகமாக வைத்தால் வேறு தொல்லை: வொர்க்கர் சத்தமில்லாமல் தொங்கிப்போனால் அந்த வேலை கெடு முடியும்வரை யாருக்கும் கிடைக்காது.

வெளியே கூப்பிடும் ஒவ்வொன்றுக்கும் வொர்க்கருக்குள்ளேயே நேர வரம்பு கட்டாயம். பைத்தானின் 'ரிக்வெஸ்ட்ஸ்' லைப்ரரி, நீங்கள் டைம்அவுட் கொடுக்காவிட்டால் பதிலுக்காக முடிவில்லாமல் காத்திருக்கும். கேட்வேக்கு இணைய 5 வினாடி, பதிலுக்கு 15 வினாடி என்று கொடுங்கள். உள்ளே இருக்கும் வரம்புகளையெல்லாம் கூட்டினால் கெடுவுக்குள் அடங்க வேண்டும்.

மாதக் கடைசியில் நூற்றுக்கணக்கான பில்களை ஒரே வேலையாகத் தயாரிப்பது போன்ற நீண்ட வேலைக்கு 'டச்' கட்டளை உண்டு. சொன்ன கணத்திலிருந்து கெடு புதிதாக ஓடும். 50 பில்லுக்கு ஒரு முறை டச் செய்யலாம். ஆனால் டச் செய்வதற்கென்று தனி த்ரெட் வைக்காதீர்கள். முக்கிய த்ரெட் செத்த பிணமாகத் தொங்கும்போதும் அது 'உயிரோடுதான் இருக்கிறோம்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். எங்களைக் கேட்டால் பில்லுக்கு ஒரு வேலையாக உடைத்துப் போடுவதே நல்லது.

தோல்வி ஒன்றல்ல

கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடக்கூடியவை முதல் வகை. கேட்வே 503 தருகிறது, டேட்டாபேஸ் இணைப்பு மறுக்கப்படுகிறது, நெட் போயிருக்கிறது. இவற்றுக்குத் தாமதத்தோடு 'ரிலீஸ்'. தாமதம் 30 வினாடி, 2 நிமிடம், 8 நிமிடம், 32 நிமிடம் என்று நான்கு நான்கு மடங்காக ஏறட்டும். அதோடு கொஞ்சம் தாறுமாறான கூடுதல் வினாடிகளையும் சேருங்கள். சேர்க்காவிட்டால் ஒரே நேரத்தில் தோற்ற 300 வேலைகள் ஒரே நேரத்தில் எழுந்து, அப்போதுதான் தலைதூக்கிய கேட்வேயை மறுபடி படுக்கவைக்கும்.

எத்தனை முறை முயன்றாலும் தேறாதவை இரண்டாம் வகை. போன் நம்பரில் 9 இலக்கம்தான் இருக்கிறது. எஸ்எம்எஸ் வாசகம், வாசகங்களை முன்கூட்டியே பதியும் டிஎல்டி தளத்தில் பதிவுசெய்த டெம்ப்ளேட்டோடு ஒத்துப்போகவில்லை. வங்காளியிலோ தமிழிலோ அனுப்பும் செய்தி ஒன்றுக்கு 70 குறியீடுதான் இடம், ஆங்கிலத்துக்கு 160. ஆங்கில வாசகத்தை அளந்து வைத்துக்கொண்டு தமிழில் நீட்டியவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். இவற்றுக்கு 'பரி'. வேலை புதைக்கப்படும், யாருக்கும் போகாது, மனிதர் பார்த்துச் சரிசெய்து 'கிக்' சொன்னால் எழுந்துவரும். அறிக்கையே ரத்தாகியிருந்தால் அது தோல்வியே அல்ல. லாகில் ஒரு வரி எழுதிவிட்டு டெலீட் செய்யுங்கள்.

என்னவென்றே புரியாத பிழைகளை முதல் வகையாக நடத்தி, ஆறு முறைக்கு மேல் போனால் புதைத்துவிடுங்கள். எதை எண்ணுவது என்பதில் கவனம் வேண்டும். 'ஸ்டேட்ஸ்-ஜாப்' கட்டளை ஒரு வேலை எத்தனை முறை ரிலீஸ் ஆனது, எத்தனை முறை கெடு தாண்டியது, எத்தனை முறை எடுக்கப்பட்டது என்று தனித்தனியாகச் சொல்லும். ரிலீஸ் எண்ணிக்கையைப் பார்த்தால் போதாது. ஏதோ ஒரு அறிக்கையிலுள்ள படம் பிடிஎஃப் லைப்ரரியையே கவிழ்த்து ப்ராசஸைக் கொல்கிறது என்றால், வொர்க்கர் 'ரிலீஸ்' சொல்வதற்கே உயிரோடு இருக்காது. அந்த வேலை வரிசைக்குத் திரும்பி, அடுத்த வொர்க்கரைக் கொல்லும். பிறகு அதற்கடுத்ததை. எனவே 'ரிசர்வ்ஸ்' என்ற எண்ணிக்கையை, வேலையைத் தொடங்குவதற்கு முன்பே பாருங்கள்.

கேட்வே முழுசாகப் படுத்துவிட்டால் ஒவ்வொரு வேலையாகத் தோற்கவிடுவது வீண். முயற்சிக் கணக்கும் தீர்ந்துபோகும். தொடர்ந்து ஐந்து வேலை ஒரே காரணத்தால் தோற்றால் வொர்க்கரே 'பாஸ்-ட்யூப்' கட்டளையால் அந்த ட்யூபை 60 வினாடி நிறுத்திவைக்கட்டும்.

இரண்டு முறை வரும்

வேலையை முடித்து, 'டெலீட்' சொல்வதற்கு முன் கரண்ட் போனால் அந்த வேலை மறுபடி வரும். எந்த வரிசை அமைப்பாலும் இதை முழுதாகத் தடுக்க முடியாது. தடுக்க வேண்டியது விளைவை.

டேட்டாபேஸில் 'அனுப்பியவை' என்று ஒரு டேபிள். அறிக்கை எண், செய்தி வகை இரண்டும் சேர்ந்து யூனிக். வொர்க்கர் முதலில் 'அனுப்பப்போகிறேன்' என்று ஒரு வரி எழுதி கமிட் செய்யட்டும், பிறகு கேட்வேயைக் கூப்பிடட்டும், பிறகு அதே வரியை 'அனுப்பியாயிற்று' என்று மாற்றட்டும், கடைசியில் டெலீட். மறுபடி அதே வேலை வந்து 'அனுப்பியாயிற்று' என்று இருந்தால் ஒன்றும் செய்யாமல் டெலீட்.

'அனுப்பப்போகிறேன்' என்றே நின்றுபோன வரி இருந்தால்? கேட்வேக்குப் போனதா இல்லையா என்று தெரியாது. இங்கே கோடு முடிவெடுக்காது, நீங்கள்தான் எடுக்க வேண்டும். எஸ்எம்எஸ் என்றால் மறுபடி அனுப்புங்கள்; இரண்டு முறை வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதே லேப் ஒருவருக்குப் பணம் திருப்பி அனுப்பும் வேலை என்றால் மறுபடி செய்யாதீர்கள், புதைத்து மனிதரிடம் விடுங்கள். எதிர்ப்பக்க சேவை நீங்கள் தரும் ஒரு குறிப்பு எண்ணை வைத்து இரட்டையைத் தானே தள்ளும் வசதி தந்தால் அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். அந்த எண் வேலை எண்ணாக இருக்கக் கூடாது. மேலே சொன்ன ஸ்கிரிப்ட் அதே அறிக்கையைப் புது வேலை எண்ணோடு போடும். அறிக்கை எண்ணிலிருந்து உருவாக்குங்கள்.

பிடிஎஃப் விஷயம் எளிது. தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் அதே டிஸ்கில் உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். பெயர் மாற்றம் ஒரே மூச்சில் நடக்கும். பாதி பிடிஎஃப்பை யாரும் திறக்க நேராது.

நிறுத்தும் விதம்

புதிய கோடு ஏற்றும்போது வொர்க்கரை நிறுத்தித்தான் ஆக வேண்டும். லினக்ஸில் ப்ராசஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி முதலில் சிக்டெர்ம் ('முடித்துக்கொள்') சிக்னல் அனுப்பும். இயல்பாக 90 வினாடி பொறுத்து, அப்போதும் சாகாவிட்டால் சிக்கில் ('உடனே சா') அனுப்பும். டாக்கர் 10 வினாடிதான் பொறுக்கும், குபர்னெட்டீஸ் 30. உங்கள் மிக நீண்ட வேலையைவிட இந்தப் பொறுமை அதிகமாக இருக்கும்படி அமைப்பை மாற்றுங்கள்.

சிக்னல் வந்தால் வொர்க்கர் ஒரு கொடியை மட்டும் ஏற்ற வேண்டும்: 'அடுத்த வேலை எடுக்காதே'. கையிலுள்ளதை முடித்து, டெலீட் சொல்லி, வெளியேறட்டும். லூப்பில் 5 வினாடி வரம்பு வைத்தது இதற்காகத்தான். பைத்தான் 3.5 முதல், சிக்னல் குறுக்கிட்டாலும் காத்திருக்கும் அழைப்பைப் பைத்தானே தொடர்ந்து காக்கவைக்கும். வரம்பில்லாத 'ரிசர்வ்'இல் நிற்கும் வொர்க்கர் கொடியை ஏற்றிவிட்டு அதைப் பார்க்காமலேயே நிற்கும், 90 வினாடி கழித்துக் கொல்லப்படும்.

டாக்கரில் இன்னொன்று. தொடக்கக் கட்டளையைப் பட்டியலாக எழுதாமல் வெறும் வரியாக எழுதினால் நடுவில் ஒரு ஷெல் உட்கார்ந்துகொள்ளும். சிக்டெர்ம் அதற்குத்தான் போகும், உங்கள் ப்ராசஸுக்கு வந்து சேராமல் போகலாம்.

கரண்ட் போய் வந்தால்

சித்திரை வெயிலில் கரண்ட் போவதும் வருவதும் வேலூருக்குப் புதிதல்ல. யூபிஎஸ் இருந்தாலும் பேட்டரி ஒரு நாள் கைவிடும். கரண்ட் வந்ததும் சர்வர் ஒரு நிமிடத்துக்குள் எழுந்துவிடும், ரவுட்டர் இன்னும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். வொர்க்கர் தொடங்கி, டேட்டாபேஸை எட்ட முடியாமல் சாகும். சிஸ்டம்டியில் 'ரீஸ்டார்ட்' எப்போதும் என்று போட்டிருந்தால் 100 மில்லிவினாடியில் மறுபடி தொடங்கும், சாகும். 10 வினாடிக்குள் ஐந்து முறை இப்படி ஆனால் 'இது தேறாது' என்று சிஸ்டம்டி கைவிட்டுவிடும். இவையே அதன் இயல்பு அளவுகள். பிறகு நெட் வந்து எல்லாம் சரியானாலும் வொர்க்கர் மட்டும் எழாது. சாயங்காலம் லாட்ஜிலிருந்து போன் வரும்போதுதான் தெரியும். மறுதொடக்க இடைவெளியை 5 வினாடி என்று வையுங்கள், போதும். 10 வினாடிக்குள் ஐந்து முறை சாக வாய்ப்பே இல்லை.

பீன்ஸ்டாக்டி இயல்பாக வேலைகளை நினைவகத்தில் மட்டும்தான் வைத்திருக்கும். கரண்ட் போனால் வரிசையே காலி. தொடங்கும்போது -b என்ற விருப்பத்தோடு ஒரு ஃபோல்டரைக் கொடுத்தால் டிஸ்கிலும் எழுதிவைக்கும். டிஸ்க் கெட்டால் காப்பாற்ற மறுபிரதி வசதி அதில் இல்லை. 5 நிமிட ஸ்கிரிப்ட் இங்கேயும் கைகொடுக்கும்.

வரிசை சத்துவாச்சாரியிலும் வொர்க்கர் காட்பாடியிலும் இருந்து நடுவில் லைன் அறுந்தால், இரு பக்கமும் இணைப்பு உயிரோடிருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். லினக்ஸ் இயல்பாக 7200 வினாடி, அதாவது 2 மணி நேரம் கழித்துத்தான் டிசிபி இணைப்பைத் தட்டிப் பார்க்கும். அதுவும் நீங்கள் அந்த வசதியை இயக்கியிருந்தால். வொர்க்கர் பக்கம் சாக்கெட் படிப்புக்கு 15 வினாடி வரம்பு வையுங்கள். 5 வினாடியில் வரவேண்டிய 'டைம்டு அவுட்' பதில் 15 வினாடியாகியும் வராவிட்டால் லைன் போயிற்று என்று அர்த்தம், புதிதாக இணையுங்கள்.

எத்தனை வொர்க்கர்

பிடிஎஃப் வேலை சிபியுவைத் தின்னும். 4 கோர் மெஷினில் 4 வொர்க்கருக்கு மேல் வைத்தால் எல்லாம் மெதுவாகுமே தவிர வேகம் கூடாது. ஒன்றுக்கு 2 வினாடி என்றால் நிமிடத்துக்கு 120 அறிக்கை. ஐந்து மணிக்கு 900 அறிக்கை ஒன்றாக வந்தால் கடைசி நபருக்கு ஏழரை நிமிடம். அது போதுமா என்று லேப்காரர்களிடம் கேளுங்கள்.

எஸ்எம்எஸ் வொர்க்கர் பெரும்பாலும் சும்மா காத்திருக்கும். 4 கோரில் 20 கூட வைக்கலாம். அங்கே வரம்பு கேட்வே அனுமதிக்கும் வேகம்தான். வினாடிக்கு 10 என்று ஒப்பந்தம் இருந்து, ஒரு அழைப்புக்கு ஒரு வினாடி ஆனால் 10 வொர்க்கரே உச்சம். சிஸ்டம்டியில் ஒரே அமைப்புக் கோப்பின் பெயரில் @ வைத்து எழுதினால் எத்தனை பிரதி வேண்டுமானாலும் ஓட்டலாம்.

ராத்திரி முழுக்க ஓடும்போது

வெப் கோடு பிறந்து பிறந்து சாகும். வொர்க்கர் வாரக்கணக்கில் வாழும். அதனால் அங்கே தெரியாத நோய்கள் இங்கே தெரியும். மைஎஸ்கியூஎல் 28800 வினாடி, எட்டு மணி நேரம், சும்மா கிடக்கும் இணைப்பை மூடிவிடும். ராத்திரி 9 மணிக்கு வேலை ஓய்ந்து காலை 6 மணிக்கு முதல் வேலை வந்தால் அது மட்டும் தோற்கும். ஒவ்வொரு வேலைக்கும் முன் இணைப்பைச் சோதித்துப் புதுப்பிக்கும்படி எழுதுங்கள். நினைவகம் மெல்ல ஏறும் வொர்க்கரைப் பெருமைக்காகப் பிடித்துவைக்க வேண்டாம். 1000 வேலை முடிந்ததும் தானே ஒழுங்காக வெளியேறட்டும், சிஸ்டம்டி புதிதாகத் தொடங்கும். ஃபோர்க் செய்யும், அதாவது தன் நகலாக இன்னொரு ப்ராசஸை உருவாக்கும் வொர்க்கரில், ஃபோர்க் ஆன பிறகே டேட்டாபேஸ் இணைப்பைத் திறக்க வேண்டும். முன்பே திறந்தால் இரண்டு ப்ராசஸ் ஒரே சாக்கெட்டில் பேசி, ஒருவர் கேள்விக்கான பதில் இன்னொருவருக்குப் போகும். பரிசோதனை முடிவுகளில் அப்படி நடந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

வரிசையின் நீளத்தைப் பார்த்து மட்டும் பயப்படாதீர்கள். 500 வேலை நின்றாலும் வேகமாகக் கரைந்தால் சரி. 'பீக்-ரெடி' போட்டு முன்னால் நிற்கும் வேலையை எடுத்து, அதன் 'ஏஜ்' என்ன என்று ஸ்டேட்ஸ்-ஜாப்பில் பாருங்கள். 10 நிமிடம் தாண்டினால் யாருக்காவது போன் போகட்டும். புதைக்கப்பட்டவை ஒன்று சேர்ந்தாலும் காலையில் தகவல் வரட்டும். பார்க்க ஆளில்லாத புதைகுழி, வேலையை டெலீட் செய்ததற்குச் சமம்.

வேறு வரிசை என்றால்

பெயர்கள் மாறும், கேள்வி மாறாது. ராபிட்எம்கியூவில் டெலீட்டின் இடத்தில் 'ஆக்'; அதோடு 'ப்ரீஃபெட்ச்' எண்ணைச் சிறிதாக வையுங்கள், இல்லையென்றால் ஒரே வொர்க்கர் நூறு வேலையை மடியில் கட்டிக்கொண்டு மற்றவர்களைச் சும்மா உட்கார வைக்கும். அமேசானின் எஸ்கியூஎஸ்ஸில் கெடுவுக்கு 'விசிபிலிட்டி டைம்அவுட்' என்று பெயர், இயல்பாக 30 வினாடி. ரெடிஸ் பட்டியலில் வெறும் பாப் செய்தால் எடுத்த கணமே வேலை வரிசையை விட்டுப் போய்விடும். வொர்க்கர் செத்தால் போனது போனதுதான். அங்கே 'பிஎல்மூவ்' அல்லது ஸ்ட்ரீம்ஸ் பயன்படுத்துங்கள். கியர்மேன் வேலைகளைப் பெயர் பதிந்த வொர்க்கர்களுக்குக் கொடுக்கும், போர்ட் 4730; அதுவும் இயல்பாக நினைவகத்தில்தான் வைத்திருக்கும். ஏற்கெனவே போஸ்ட்கிரெஸ் ஓட்டுகிறீர்கள், நாளுக்குச் சில ஆயிரம் வேலைதான் என்றால் தனி வரிசை சர்வரே வேண்டாம்: 9.5 பதிப்பு முதல் உள்ள 'ஸ்கிப் லாக்டு' வசதியோடு ஒரு டேபிளே வரிசையாகும். அறிக்கை ஒப்புதலும் வேலையும் ஒரே கமிட்டில் போவதால் மேலே சொன்ன 5 நிமிட ஸ்கிரிப்டும் தேவைப்படாது.

ஏற்றுமுன் நீங்களே கெடுத்துப் பாருங்கள்

வேலைக்குள் 20 வினாடி தூக்கம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவில் சிக்கில் கொடுங்கள்: வேலை வேறு வொர்க்கருக்குப் போகிறதா? சிக்டெர்ம் கொடுங்கள்: முடித்துவிட்டு வெளியேறுகிறதா? கேட்வே கூப்பிட்டு முடிந்த வரிக்கு அடுத்து ப்ராசஸைக் கொல்லுங்கள்: இரண்டாவது எஸ்எம்எஸ் போகிறதா, போனால் அது நீங்கள் எடுத்த முடிவா? அர்த்தமில்லாத குப்பையை வேலையாகப் போடுங்கள்: ஆறு முறைக்குள் புதைகிறதா? நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துச் சொருகுங்கள். கடைசியாக, சர்வரின் மெயின் சுவிட்சை அணைத்து, ரவுட்டரை மட்டும் இரண்டு நிமிடம் தாமதமாகப் போடுங்கள். யாரும் கீபோர்டைத் தொடாமல் வொர்க்கர் தானாக வேலைக்குத் திரும்பினால் ஏற்றலாம்.